விமானியின் கண்ணில் பட வேண்டிய அறிவிப்பு

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது அதன் பாதையிலும், கழன்று விழும் பாகங்கள் கடலைத் தொடும் பகுதிகளிலும் விமானம் எதுவும் பறக்கக் கூடாது. எந்த வான்பகுதி எந்த நேரத்தில் மூடப்படும் என்பதை விமானிகளுக்குத் தெரிவிப்பது ‘நோட்டாம்’ எனப்படும் அறிவிப்பு. ஏவுதளத்துக்கு மேற்கே சுமார் 75 கி.மீ. தொலைவில், அதே திருப்பதி மாவட்டத்தில்தான் ரேணிகுண்டா விமான நிலையமும் இருக்கிறது. அங்கே ஓடுபாதையில் வேலை நடந்தாலும், ஒரு விளக்கு எரியாமல் போனாலும் அதுவும் நோட்டாமாகவே வெளிவரும்.

இந்திய விமான நிலைய ஆணையத்தின் சர்வதேச நோட்டாம் அலுவலகங்கள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களில் இயங்குகின்றன. தென்னக வான்பகுதி சென்னையின் பொறுப்பு. வான்பகுதியை மூடுவதாக இருந்தால் ஏழு நாள் முன்னதாகவே அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி.

அறிவிப்பில் இடம், தொடக்கம், முடிவு, செய்தி, உயர வரம்பு என ஒவ்வொன்றுக்கும் தனி வரி உண்டு. நேரம் உலகப் பொது நேரத்தில், பத்து இலக்கங்களில் எழுதப்படும். சந்திரயான்-2 முதலில் கிளம்ப வேண்டியிருந்தது 2019 ஜூலை 15, அதிகாலை 2.51 மணிக்கு. அதே கணம் நோட்டாம் முறையில் 1907142121. அதாவது முந்தைய நாள் இரவு 9.21. நம் நேரம் ஐந்தரை மணி முந்தியிருப்பதால் தேதியே மாறிவிடுகிறது. அன்று கோளாறு தெரிந்ததும், புறப்பட 56 நிமிடம் இருக்கையில் ஏவுதலை நிறுத்தினார்கள். ராக்கெட் ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்குத்தான் கிளம்பியது. இப்படி நாள் தள்ளிப்போனால் பழைய நோட்டாமை ரத்து செய்தோ மாற்றியோ புதியது வர வேண்டும்.

வெளியிடுவதில் அவ்வளவாகச் சிக்கல் இல்லை. படிப்பவர் கண்ணில் படுவதுதான் கடினம். ஒரு பயணத்துக்கான நோட்டாம்கள் பக்கம் பக்கமாக, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், தந்திக் காலத்துச் சுருக்கங்களோடு வருகின்றன. 2017 ஜூலை 7 இரவு, சான்பிரான்சிஸ்கோவில் ஏர் கனடாவின் 759ஆம் விமானம் ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் காத்து நின்ற இணைப்புப் பாதையை நோக்கி இறங்கியது. தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம் வரை வந்த பிறகே மேலெழுந்தது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க உதவியிருக்கக்கூடிய, பக்கத்து ஓடுபாதை மூடியிருந்த தகவல் 27 பக்கப் பயணக் குறிப்பில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. விமானிகளைக் குறை சொல்வதோடு அமெரிக்க விசாரணை வாரியம் நின்றுவிடவில்லை. முக்கியமானது முதலில் தெரியும்படி நோட்டாம்களை அடுக்க வேண்டும் என்றது. அதுவே சரியான அணுகுமுறை. களைத்த கண்கள் நள்ளிரவில் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது பாதுகாப்பு ஆகாது.

நோட்டாம் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்பது விதி. நிலையான மாற்றம் என்றால் அதை விமானத் தகவல் கையேட்டில் சேர்த்துவிட வேண்டும். பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த பழைய அறிவிப்புகளைக் களைய, சர்வதேச அமைப்பு 2021இல் ஓர் இயக்கத்தையே தொடங்கியது.

உடனே தெரிவிக்கும் பழக்கமும் இதே அளவுக்கு முக்கியம். சான்பிரான்சிஸ்கோ சம்பவம் நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவிக்கப்பட்டது. அதற்குள் அந்த விமானம் மறுபடி பறந்துவிட, விமானி அறையில் பதிவான பேச்சு அழிந்துபோனது. அந்த நிமிடங்களில் விமானிகள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது விசாரணைக்குக் கிடைக்கவே இல்லை.