வட்டப் பொத்தானும் பிரிநிலை ஏகாரமும்

ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் ஏனையவற்றை விடுத்தலுமாகும். தமிழ் இலக்கணத்தில் இதனைப் பிரிநிலை ஏகாரம் உணர்த்தும். ‘ஐவருள் இவளே பாடினாள்’ என்னுமிடத்து அவ்வேகாரம் ஒருத்தியைப் பிரித்து மற்றை நால்வரையும் விலக்குகின்றது. கணினித் திரையில் இத்தொழிலைச் செய்வன ரேடியோ பொத்தான்கள் எனப்படும் சிறு வட்டங்களாம். அவற்றைக் குழுவாக அமைக்கும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முற்காலத்து மோட்டார் வண்டிகளிற் பொருத்தப்பெற்ற வானொலிப் பெட்டிகளில், நிலையத்திற்கு ஒன்றாகப் பொத்தான்கள் வரிசையாய் அமைந்திருந்தன. ஒன்றை அழுத்தினால் அஃது உள்ளே தங்கும். முன்னர் அழுத்தியது தானே வெளிவரும். இரு நிலையங்களை ஒருங்கே கேட்டல் இயலாதன்றோ? அவ்வமைப்பினின்றே இப்பெயர் பிறந்தது.

வானொலிப் பெட்டியில் ஒரு பொத்தானை மற்றொன்றோடு பிணைத்தது இரும்பு. கணினியிற் பிணைப்பது யாது? பைத்தான் மொழியோடு வரும் டிகேஇன்டர் என்னும் கருவித் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு வட்டத்திற்கும் இரண்டு செய்திகளை அறிவித்தல் வேண்டும். ஒன்று, அவ்வட்டத்திற்கே உரிய மதிப்பு. மற்றொன்று, குழு முழுவதற்கும் பொதுவான மாறி. ஒரு வட்டத்தை அழுத்தியவுடன் அதன் மதிப்பு மாறியிற் சென்று அமரும். மாறியிலுள்ள மதிப்பு எவ்வட்டத்தினதோ அவ்வட்டமே நிரம்பித் தோன்றும், ஏனையவை வெறுமையாகும். எனவே, குழுவை ஆக்குவது மாறியேயன்றித் திரையில் வரைந்த கட்டமன்று.

இந்நுட்பத்தை மறந்தால் விளையும் தீங்கினை யாம் நேரிற் கண்டோம். சிவகாசிக்கு அண்மையிலுள்ள எம். புதுப்பட்டியில், கல்வி உதவித்தொகை வேண்டிய ஒரு சிறுமிக்காகக் கணினியில் விண்ணப்பம் நிரப்பினோம். தந்தை தொழில், தாய் தொழில் என இரு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வேளாண்மை, பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என நான்கு வட்டங்கள். தந்தைக்குப் பட்டாசு என்று அழுத்தினோம். பின்னர்த் தாய்க்குத் தீப்பெட்டி என்று அழுத்தினோம். தந்தை தொழிலும் உடனே தீப்பெட்டியாயிற்று. அதனை யாம் நோக்கினோமில்லை. சான்றிதழோடு முரணியமையின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அச்சிறுமியும் ஒரு நாட் படிப்பை விட்டு மீண்டும் அலைய நேர்ந்தது.

பிழை யாதெனின், அதனை அமைத்தோர் இரு கட்டங்களுக்கும் ஒரே மாறியைக் கொடுத்திருந்தனர். திருத்தமும் எளிதே: தந்தைக்கு ஒரு மாறி, தாய்க்கு வேறொரு மாறி. பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பது நமக்கு உவகை தருவது. கியூட் என்னும் தொகுதியிலோ முறை வேறு. ஆங்கு ஒரே கூறினுள் வைத்த வட்டங்கள் இயல்பாகவே ஒரு குழுவாகும். அதனுள் இரு குழுக்கள் வேண்டின் அவற்றை நாமே பிரித்துக் காட்டல் வேண்டும்.

மாறிகளைப் பிரித்தமைத்தல் மட்டும் போதுமா? மழைக்காலத்தில் உழுது, கோடையிற் பட்டாசு ஆலைக்குச் செல்வோர் எத்தொழிலை அழுத்துவர்? ‘வேளாண்மையும் பட்டாசும்’ என எண்ணும்மை வேண்டுமிடத்து ஏகாரம் பொருந்தாது. ஆங்குப் பலவற்றைத் தெரிய இடந்தரும் சதுரப் பெட்டிகளே தக்கன. நான்கனுள் ஒன்றும் செய்யாத கொத்தனாருக்குப் ‘பிற’ என்றொரு வட்டம் வேண்டும். அன்றியும், வட்டத்தை ஒருமுறை அழுத்தியபின் வேறொன்றிற்கு மாறலாமேயன்றி, மீண்டும் அழுத்தி அதனை வெறுமையாக்கல் இயலாது. ஆதலின் விடைகூற விரும்பாதார்க்கும் ஓரிடம் வகுத்தல் முறையாகும்.

நம் நாட்டின் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் பலருள் ஒருவரையே தெரிகின்றோம். வேட்பாளர் எவரையும் விரும்பாதார்க்கென அதில் ஒரு பொத்தான் அமைந்தது, 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாகவேயாம். ஒரு பொத்தான் இல்லாமையால் ஒருவரது கருத்து மறைந்துபோதல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம்முட் சிலர் நாளை படிவம் வகுப்போராதல் கூடும். வட்டங்களை வரையுமுன், அவற்றை அழுத்தப்போகும் விரல் யாருடையது என்று ஒருகணம் எண்ணிப்பார்ப்போமாக.