மூன்று நாள் பகை

சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சாதாரணமாகக் கள்ளக்குறிச்சியில் ஏதாவது காரியம் இருக்கும். அல்லது கல்வராயன் மலைக்குப் போகிற உத்தேசம் இருக்கும். கிரிக்கெட் மாட்ச் பார்ப்பதற்காகச் சின்னசேலத்தில் வந்து இறங்கிய ஆசாமி அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாட்ச் நடந்தது சின்னசேலத்தில் அல்ல. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில். ஆனால் அதைச் சின்னசேலத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். "மூன்று நாளும் அவர் யாருடனும் பேச மாட்டார். நீர் போனால் ஒருவேளை பேசுவார்" என்றும் சொல்லி அனுப்பினார்.

மார்ச் மாதத்து வெயில். தெருவில் ஒருவர் மக்காச்சோளத்தைக் காயப் போட்டுக் கொண்டிருந்தார். அவரிடம் வழி விசாரித்தேன். "டியூஷன் ஐயா வீடா? அதோ, சத்தம் கேட்கிறதே, அந்த வீடுதான்" என்று கையைக் காட்டினார்.

சத்தம் கேட்கத்தான் செய்தது. உள்ளே பாண்டு வாத்தியம் முழங்கிக் கொண்டிருந்தது. பேரனுடைய கைத்தொலைபேசியைச் செம்பு ஒன்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். காதில் பென்சில்.

"இருங்கோ தம்பி. இந்த ஓவர் முடியட்டும்" என்றார்.

ஓவர் முடிந்தது. ஆறு பந்துகளையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, உங்கள் பெயரைப் பத்திரிகையில்..." என்று ஆரம்பித்தேன்.

"பெயர் வேண்டாம். பரியோவான் பழைய மாணவன் எண்டு போடுங்கோ. அது போதும்" என்றார்.

முதலில் ஒரு விஷயத்தை வாசகர்களுக்குத் தெளிவுபடுத்தி விடுகிறேன். நம் ஊரில் கல்லூரி என்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேலே. யாழ்ப்பாணத்தில் அப்படியல்ல. அங்கே பெயர் பெற்ற பள்ளிக்கூடங்களுக்கே கல்லூரி என்று பெயர். அரைக்கால் சட்டையுடன் உள்ளே நுழைகிற பையன் மீசை முளைத்துத்தான் வெளியே வருவான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே மரத்தடி, ஒரே மைதானம், ஒரே கொடி. நம் மாணவர்களுக்கு மூன்று வருஷத்தில் ஏற்படாத அபிமானம் அங்கே ஏற்படுவதற்கு இது ஒரு காரணம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி வெஸ்லியன் மிஷனார் நடத்திய பள்ளியிலிருந்து வளர்ந்தது. பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அதன் தலைவராக இருந்தவர். ஆறுமுக நாவலர் அங்கே படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பரியோவான் கல்லூரி, அதாவது செயின்ட் ஜான்ஸ், 1823-ல் இன்னொரு மிஷன் நல்லூரில் தொடங்கிய பள்ளி. பிற்பாடு அது சுண்டிக்குளிக்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டு கல்லூரிகளின் கிரிக்கெட் கோஷ்டிகளும் 1904-ஆம் ஆண்டில் முதன் முதலாக மோதிக்கொண்டன. அந்த மோதலுக்குத்தான் இன்று 'வடக்கின் பெருஞ்சமர்' என்று பெயர்.

இத்தகைய பரம்பரைப் பகைகள் உலகத்துக்குப் புதியவை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1827-ல் கிரிக்கெட்டிலும், 1829-ல் படகுப் பந்தயத்திலும் போட்டியைத் தொடங்கின. கொழும்பில் ராயல் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸ் கல்லூரிக்கும் 1879-ல் போட்டி தொடங்கியது. அமெரிக்காவிலோ பல கல்லூரிகள் ஒரு வட்டமாகச் சேர்ந்து, வருஷா வருஷம் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் எதிரிகள். ஆனால் வெளியார் யாராவது குறை சொன்னால் எல்லாரும் உறவினர்கள்!

யாழ்ப்பாணத்திலும் அப்படி ஒரு வட்டம் உண்டு. பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரி, வண்ணார்பண்ணையில் இந்துக் கல்லூரி, பருத்தித்துறையில் ஹாட்லி, கால்பந்துக்குப் பெயர் போன தெல்லிப்பழை மகாஜனா என்று பட்டியல் நீளும். பத்திரிசியாருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் நடக்கும் ஆட்டத்துக்குப் 'பொன் அணிகளின் சமர்' என்று பெயர். இரண்டு கல்லூரிகளின் கொடியிலும் பொன் நிறம் இருப்பதே காரணம்.

"உண்மையான ரசிகன் தன்ர கல்லூரி ஆட்டத்தை மட்டும் பார்க்கிறவன் இல்லை, தம்பி. எதிராளி மற்ற ஆட்களோட எப்படி விளையாடினவன் எண்டு கணக்கு வைச்சிருக்க வேணும்" என்றார் பெரியவர். அந்த நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கல்லூரிகளின் ஆட்டங்களும் இருந்தன. அவர் சின்னசேலத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவர். தமக்காகப் போடுகிற கணக்கு இது.

அவர் ஒரு நாளும் கல்லூரிக் கோஷ்டியில் ஆடியதில்லை. "பந்து வந்தால் கண்ணை மூடுவன்" என்று ஒப்புக்கொண்டார். எனவே ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்தார்களாம்.

மூன்று நாள் ஆட்டம். ஒவ்வொரு கோஷ்டிக்கும் இரண்டு இன்னிங்ஸ். மூன்றாம் நாள் மாலைக்குள் முடியாவிட்டால் வெற்றி தோல்வி இல்லை. ஆகையால் தோற்கிற கட்சிக்கும் கடைசி வரை நம்பிக்கை உண்டு. மட்டை பிடிக்கத் தெரியாத பதினொன்றாவது பையன் அரை மணி நேரம் நின்று தடுத்துவிட்டால் அவன் ஐம்பது வயதிலும் வீரன்தான். ஊரே மத்திய கல்லூரி மைதானத்தில் கூடியிருக்கும். பாண்டு வாத்தியம், கொடி, கூச்சல், லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் லீவு போட்டுவிட்டு வந்த பழைய மாணவர்கள்!

என் கல்லூரியிலும் கிரிக்கெட் கோஷ்டி ஒன்று இருந்தது. அதன் ஆட்டத்தைப் பார்க்க ஒரே ஒரு முறை போனேன். ஆடினவர்கள் போக நானும் இரண்டு காக்கைகளும் இருந்தோம். முடிவு தெரியும் முன் நானும் எழுந்து வந்துவிட்டேன். காக்கைகள் இருந்தன. இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பாவம்" என்றார். எனக்காகச் சொன்னாரா, கல்லூரிக்காகச் சொன்னாரா, தெரியவில்லை.

அந்த மைதானத்துக்குச் சற்றுத் தூரத்தில்தான் யாழ்ப்பாணம் பொது நூலகம் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதிக்கு முந்தின இரவு அதற்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. அதற்குப் பின் வந்த காலத்தில் விளையாட்டும் விளையாட்டாக இருக்கவில்லை. பரியோவான் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் 1985 ஜூன் 26-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே ஒரு கிரிக்கெட் ஆட்டம் ஏற்பாடானதே காரணம் என்று அப்போது பேசப்பட்டது.

இதைச் சொல்லும்போது பெரியவர் தொலைபேசியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஒரு ஆட்டம், தம்பி. ஒரு ஆட்டம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

போரினால் சில ஆண்டுகள் பெருஞ்சமரே நடக்கவில்லை. 1990-ல் மறுபடி சண்டை மூண்டபோது, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு படகேறி இராமேசுவரம் வந்தார். மண்டபம் முகாமில் சில காலம். பிறகு அங்கே இங்கே வேலை பார்த்துக் கடைசியில் சின்னசேலம். ஸ்கோர் புத்தகங்கள் எல்லாம் சுண்டிக்குளி வீட்டுப் பரணில் தங்கிவிட்டன. 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்து ஜனங்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளியேறினார்களே, அதற்குப் பின் அந்த வீடும் இல்லை, பரணும் இல்லை.

"அந்த நாளில் இங்கே உங்களுக்கு ஸ்கோர் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கனடாவில் இருக்கிற சிநேகிதன் கடிதம் போடுவான். ஆட்டம் மார்ச்சில் முடிஞ்சிருக்கும். எனக்கு ஏப்ரலில்தான் முடியும். அதுவரைக்கும் நாங்கள் தோற்கவில்லை, பாருங்கோ!"

காப்பி கொண்டு வந்த அவருடைய மகள் சிரித்துவிட்டாள். "அப்பா அந்தக் கடிதத்தை உடனே பிரிக்க மாட்டார். சுவாமி படத்துக்குக் கீழே இரண்டு நாள் இருக்கும். அம்மாதான் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டி வைப்பாள். அம்மா முகத்தைப் பார்த்தே அப்பா முடிவைத் தெரிந்துகொள்வார்."

இங்கேதான் கதையின் முக்கியமான சங்கதி வருகிறது. அந்த அம்மாள் மத்திய கல்லூரிக் குடும்பம்! தகப்பனார் மத்திய கல்லூரி. அண்ணன்மார் இருவரும் மத்திய கல்லூரி. பெண் பார்க்கப் போன இடத்தில் வரதட்சணையைப் பற்றி ஒரு தகராறும் இல்லையாம். முந்திய வருஷம் நடந்த ஆட்டத்தில் அம்பயர் கொடுத்த ஒரு 'அவுட்'டைப் பற்றித்தான் தகராறாம். கலியாணம் ஆன பிறகும் மார்ச் மாதத்தில் மூன்று நாள் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. குழம்பில் உப்புக் குறைந்தால் பரியோவான் முன்னணியில் இருக்கிறது என்று அர்த்தம்.

"சின்னசேலத்திலும் அப்படித்தானா?" என்றேன்.

"இங்கேதான் கூட. அங்கே சண்டை போட ஊர் முழுக்க ஆள் இருந்தது. இங்கே எனக்கு அவ மட்டும்தான் எதிரி" என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் மத்திய கல்லூரியின் பக்கத்தை முன்பெல்லாம் அந்த அம்மாள்தான் எழுதுவாளாம். இப்போது இரண்டு பக்கத்தையும் அவரே எழுதுகிறார்.

வாசகர்களுக்கு விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற பெயர் ஞாபகம் இருக்கலாம். யாழ்ப்பாணத்துப் பையன், சுழற்பந்து வீசுகிறவர், மத்திய கல்லூரி மாணவர். 2020-ல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணக் கோஷ்டிக்கு ஆடினார். 2024-ல் ஹசரங்காவுக்குக் காயம் ஏற்பட்டதால், அவருக்குப் பதிலாக ஹைதராபாத் கோஷ்டி இவரை ஐ.பி.எல். பந்தயத்துக்குச் சேர்த்துக்கொண்டது. மே 8-ந் தேதி, லக்னோவுக்கு எதிராக முதன் முதலாக இறங்கினார். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஹைதராபாத் 166 ரன் இலக்கை விக்கெட் இழக்காமல் பத்து ஓவருக்குள் எட்டிய அதிசயம்தான் நினைவிருக்கும். யாழ்ப்பாணத்துப் பையன் நாலு ஓவர் வீசியது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

சின்னசேலத்தில் ஒருவருக்கு நினைவிருக்கிறது.

"அந்தப் பையன் பந்தைக் கையில் வாங்கினதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நாலு ஓவரும் உட்காரவே இல்லை. விக்கெட் விழவில்லை; ஆனாலும் ஒவ்வொரு ஓவருக்கும் கை தட்டினார்" என்றாள் மகள்.

"மத்திய கல்லூரிப் பையனுக்கா கை தட்டினீர்கள்?" என்று பெரியவரைக் கேட்டேன்.

அவர் பென்சிலை எடுத்துக் கூர் பார்த்தார். "நான் தட்டவில்லை, தம்பி. அவ இருந்தால் தட்டியிருப்பா. அவவுக்காகத் தட்டினேன்."

பள்ளியிலிருந்து பேரன் வந்தான். அவன் சென்னைக் கோஷ்டியின் பரம பக்தன். "தாத்தா, டோனி எந்தக் கல்லூரி?" என்று கேட்டு அவரைச் சீண்டினான். "மைதானத்துக்குப் பக்கத்தில் கூடப் போகாத ஆட்கள்தான் இப்ப ரசிகர்கள்" என்று தாத்தா பதில் கொடுத்தார். ஆனாலும் நோட்டுப் புத்தகத்தைப் பேரன் பக்கம் நகர்த்தினார். பேரன் வழக்கம்போல உட்கார்ந்து, மத்திய கல்லூரியின் பக்கத்தில் அடுத்த ஓவரைக் குறிக்க ஆரம்பித்தான். சண்டை போட ஆள் தயாராகிறது என்று எனக்குத் தோன்றியது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டத்தின் இரண்டாம் நாள் அது. முடிவு தெரிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

"யார் ஜயிப்பார்கள் ஐயா?" என்று வாசற்படியில் நின்று கேட்டேன்.

"ஆர் வெண்டால் என்ன, தம்பி? ஆட்டம் நடக்காத வருஷங்களைப் பார்த்தவன் நான். பெடியள் மைதானத்துக்கு வந்தார்கள், மூன்று நாள் ஆடினார்கள், பத்திரமாய் வீட்டுக்குப் போனார்கள் எண்டால் அதுவே போதும்."

எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. கையைக் கூப்பிவிட்டுத் தெருவில் இறங்கினேன். நாலு அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி! ஒண்டு மட்டும். மத்திய கல்லூரி வெல்லக் கூடாது!"