பிருடைகளைத் திருகிய கை

கானடா தேசத்தின் மேற்கே, அல்பெர்ட்டா மாகாணத்தில் 1943-ஆம் வருஷம் பிறந்து, பிறகு சஸ்காட்சுவான் சமவெளியில் வளர்ந்த ஒரு சிறுமியை ஒன்பதாவது பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் பீடித்தது. அந்த வியாதி அவளை மறுபடியும் எழுந்து நடக்க விட்டதெனினும், இடக்கையின் வலுவில் ஒரு பகுதியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. ஜோனி மிட்செல் என்று பின்னாளில் உலகம் அறிந்த அந்தப் பெண்மணியின் சாகித்யத்தையும், அதில் ஊடாடும் காதலையும் பிரிவையும் பற்றிப் பலர் நிறைய எழுதியிருக்கிறார்கள். நானோ அந்தக் கையிலிருந்து தொடங்க விரும்புகிறேன், ஏனெனில் அவருடைய சங்கீதத்தின் அபூர்வ லட்சணம் அங்கேதான் பிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கிதாருக்கு ஆறு தந்திகள். வழக்கமான சுருதியில் கூட்டி வைத்த கிதாரை விரல் பதிக்காமல் வெறுமே வருடினால், நிறைவான இசைவு ஒன்றும் கிடைப்பதில்லை; மேடைக்காரர்கள் 'கார்டு' என்று சொல்லும் ஸ்வரக்கூட்டு ஒலிக்க வேண்டுமானால், இடக்கையின் மூன்று நான்கு விரல்கள் ஒரே கணத்தில் வெவ்வேறு தந்திகளில் வெவ்வேறு மெட்டுகளை அழுத்திப் பிடித்தாக வேண்டும். பீட் சீகரின் பயிற்சி இசைத்தட்டைத் துணையாகக் கொண்டு பழகத் தொடங்கிய ஜோனிக்கு இது எளிதில் கைவரவில்லை. அவர் மனத்தில் கேட்ட ஸ்வரக்கூட்டுகளோ, தேர்ந்த விரல்களுக்கும் சிரமமானவை. அமெரிக்கத் தென்பகுதியின் கறுப்பினப் பாடகர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த ஒரு வழி உண்டு. அதில் இரண்டொரு முறைகளை எரிக் ஆண்டர்சன் என்ற சக பாடகர் அவருக்குக் காட்டினார். விரலை வளைப்பதற்குப் பதிலாகப் பிருடையைத் திருகித் தந்திகளையே மாற்றுச் சுருதியில் நிறுத்துவதுதான் அந்த வழி.

'போத் சைட்ஸ் நவ்' என்ற அவருடைய புகழ்பெற்ற பாட்டுக்கு ஆறு தந்திகளும் நிற்கும் வரிசையை நம் ஸ்வரங்களில் சொன்னால், ச, ப, ச, க, ப, ச. தம்பூராவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரலே படாமல் கிதார் ஆதார சுருதியை முழங்குகிறது. ஒற்றை விரலைக் குறுக்கே கிடத்தினால், கூட்டு முழுவதும் அப்படியே வேறொரு ஸ்தானத்துக்குப் பெயர்ந்துவிடும். அதிசயம் அதற்கும் அப்பால் இருக்கிறது. இரண்டு விரல்கள் மாத்திரம் இரண்டு தந்திகளில் நகர, மற்றவை அசையாமல் ரீங்கரித்துக்கொண்டிருக்கும்போது, இலக்கணப்படி அருகருகே அமரக்கூடாத ஸ்வரங்கள் ஒன்றையொன்று உரசி, மகிழ்ச்சியென்றும் துயரமென்றும் பிரித்துச் சொல்ல இயலாத ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றன. மேற்கத்திய ஜனரஞ்சகப் பாட்டு எவ்வளவு தூரம் அலைந்தாலும் முடிவில் வீடு திரும்பி இளைப்பாறும். ஜோனியின் கூட்டுகள் வாசற்படியில் நின்றபடி உள்ளே யார் என்று வினவிக்கொண்டேயிருக்கும். அவரே அவற்றை வினாவின் கூட்டுகள் என்று அழைத்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட சுருதி அமைப்புகளை அவர் இவ்விதம் கையாண்டிருக்கிறார்.

1971-இல் வெளியான 'ப்ளூ' தொகுதியில் 'ரிவர்' என்ற பாட்டு, கிறிஸ்துமஸ் காலத்துக் குழந்தைகளின் 'ஜிங்கிள் பெல்ஸ்' வர்ணமெட்டைப் பியானோவில் நினைவூட்டித் தொடங்கி, அதன் அடியிலுள்ள ஸ்வரங்களை மெல்ல இருளச் செய்துவிடுகிறது. ஊரே கொண்டாடும் நாளில் தனித்திருப்பவரின் மனநிலையை, வாய் திறந்து ஒரு சொல் பாடுவதற்கு முன்பே அவர் சொல்லிவிடுகிறார்.

ஆயினும் அவருடைய கிருதிகளில் சிகரம் எதுவென்று என்னைக் கேட்டால், நபிகள் நாயகத்தின் ஹிஜ்ரத் பயணத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராகக் கொண்ட 1976-ஆம் வருஷத்து 'ஹெஜிரா' தொகுதி என்பேன். அமெரிக்காவின் கீழ்க்கரையிலிருந்து மேல்கரைக்குத் தாமே காரோட்டிச் சென்றபோது எழுதிய பாட்டுகள் அதில் பல. நான்கு பாட்டுகளில் ஜேக்கோ பாஸ்டோரியஸ் வாசிக்கும் மெட்டுகளற்ற பேஸ் கிதார், நம் கோட்டுவாத்தியத்தைப் போல ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் சென்று, குரலுக்குக் கீழே இன்னொரு குரலாகப் பாடுகிறது. 1937-இல் விமானத்தோடு மறைந்துபோன அமேலியா இயர்ஹார்ட்டை விளித்துப் பாடும் பாட்டிலோ பேஸ் வாத்தியமே கிடையாது. இரண்டு ஆதார சுருதிகளுக்கிடையே போவதும் மீள்வதுமாக, எதிலும் நிலைகொள்ளாமல், தரை தெரியாத ஆகாயத்திலேயே அந்தப் பாட்டு மிதந்துகொண்டிருக்கிறது.

'போத் சைட்ஸ் நவ்' பாட்டை இருபத்துமூன்றாம் பிராயத்தில், ஆகாய விமானத்திலிருந்து கீழே மேகங்களைக் கண்ட பிறகு அவர் இயற்றினார். 1969-இல் மேல் ஸ்தாயியில் தெளிந்த குரலில், தனிக் கிதாரோடு ஏறக்குறைய நாலரை நிமிஷத்தில் பாடி முடித்த அதே பாட்டை, 2000-ஆம் வருஷத்தில் வின்ஸ் மெண்டோசா அமைத்த பெரிய வாத்திய கோஷ்டியுடன், கீழிறங்கிக் கரகரத்த குரலில், ஐந்தே முக்கால் நிமிஷம் எடுத்துக்கொண்டு பாடினார். சொல் ஒன்றே, ஆனால் இளமையில் ஊகித்த ஒன்றை முதுமையில் சாட்சி சொல்வது போல, ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவர் மூச்சு நின்று வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட ஓர் இரவில் எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

2015-இல் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு, நடையையும் பேச்சையும் இழந்து, அவற்றை மறுபடியும் முதலிலிருந்து கற்க நேர்ந்தது; கிதாரும் மறந்துபோயிற்று. தமக்கென்று தாமே வகுத்துக்கொண்ட சுருதிகளுக்கு எந்தப் பாடபுத்தகம் வழிகாட்டும்? தம்முடைய பழைய வீடியோப் படங்களைப் போட்டுப் பார்த்து, அந்தக் கை எங்கே விரலை வைத்தது என்று கவனித்து, தமக்குத் தாமே சிஷ்யையானார். 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில், எழுபத்தெட்டு வயதில், அதுவரை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் எழுந்து மின்கிதாரை மாட்டிக்கொண்டு, 1974-ஆம் வருஷத்து 'ஜஸ்ட் லைக் திஸ் டிரெயின்' என்ற தம் பாட்டைச் சொல்லே இல்லாமல், தந்திகளில் மாத்திரம் வாசித்தார்.