வெந்நீரில் வேகும் சாசேஜ்

சாசேஜை உடலுக்குக் கேடில்லாமல் சமைப்பது எப்படி என்ற கேள்வி நகர்ப்புறத் தமிழ் வீடுகளில் எழும்போதெல்லாம் பேச்சு எண்ணெயைச் சுற்றியே நின்றுவிடுகிறது. வாணலியில் முக்கிப் பொரிப்பதைக் கைவிட்டுத் தோசைக்கல்லில் சில சொட்டு எண்ணெயில் புரட்டுவதும், அதையும் விட்டு ஏர் ஃபிரையருக்கு மாறுவதும் முன்னேற்றத்தின் படிகளாகக் கருதப்படுகின்றன. எண்ணெயைக் குறைப்பது நல்லதே என்றாலும், தன்னுள்ளேயே போதிய கொழுப்பைக் கொண்ட ஒரு பண்டத்தைப் பொறுத்தவரை அது சிறிய ஆதாயம்தான். சாசேஜில் அஞ்சத்தக்கவை பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து சேர்கின்றன. சமைக்கும்போது அதன் மேற்பரப்பு எட்டும் வெப்பநிலை முதலாவது. அது சமைப்பவர் கையில் இருக்கிறது. ஆலையிலேயே அதனுள் கலந்துவிட்ட உப்புகள் இரண்டாவது. அவற்றை எந்த அடுப்பும் முழுமையாக நீக்குவதில்லை.

இறைச்சி, கொழுப்பு, உப்பு, பனிக்கட்டி ஆகியவற்றைக் குளிர்ச்சி குறையாமல் ஒன்றாக அரைத்து, குடலாலோ கொலாஜன் என்னும் புரதத்தாலோ ஆன உறைக்குள் அடைத்தால் சாசேஜ் உருவாகிறது. மயோசின் எனப்படும் தசைப்புரதம் உப்பில் கரைந்து கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதால்தான் அது வெந்த பின்னும் உதிராமல் நிற்கிறது. ஆகவே உப்பு இங்கே சுவையோடு கட்டமைப்புக்கும் வேண்டியதாகிறது. இப்பண்டத்தில் முக்கியமாக இரு வகைகள் உண்டு. வேகாத இறைச்சியாகவே விற்கப்படும் பச்சைச் சாசேஜ் ஒன்று. நைட்ரைட் என்னும் உப்பு கலந்து பதப்படுத்தி, ஆலையிலேயே வேகவைத்துக் குளிரூட்டி விற்கப்படுவது மற்றொன்று. தமிழ்நாட்டுக் கடைகளின் உறைபெட்டிகளில் கிடைக்கும் கோழி சாசேஜ் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதால், வீட்டில் அதற்கு நடப்பது சமைத்தலைவிட மீண்டும் சூடாக்குதல் என்பதே பொருந்தும். ஏற்கெனவே வெந்த ஒன்றைக் கருகும்வரை பொரிப்பதற்கு நாவின் விருப்பத்தைத் தவிர வேறு தேவை எதுவுமில்லை.

அந்த விருப்பத்தின் வேதியியலை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் விளக்கத் தொடங்கினார். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடி நிறத்தையும் மணத்தையும் தரும் இவ்வினை, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் விரைவடைகிறது. அதற்குச் சற்று மேலே சென்றால், தசையிலுள்ள கிரியாட்டின் என்னும் பொருள் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ஹெட்டரோசைக்ளிக் அமீன்கள் என்ற சேர்மங்கள் தோன்றுகின்றன. இவை மரபணுவில் மாற்றத்தை உண்டாக்கக்கூடியவை. சுட்ட மீன், இறைச்சி ஆகியவற்றின் கருகிய பரப்பில் இத்தகைய பொருள்கள் இருப்பதை 1977இல் டோக்கியோவில் தகாஷி சுகிமுராவும் அவரது குழுவினரும் வெளிப்படுத்தினர். கரி அடுப்பில் சுடும்போது இன்னொரு தொல்லையும் சேர்கிறது: உருகிய கொழுப்பு தணலில் சொட்டி, அதிலிருந்து எழும் புகை பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுச் சேர்மங்களை இறைச்சியின் மீதே படியவைக்கிறது. ஏர் ஃபிரையரில் புகை இல்லை, எண்ணெயும் குறைவு. ஆனால் அதனுள் சுழலும் காற்று வழக்கமாக 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்கப்படுவதால் சிவத்தலும் கருகலும் அங்கேயும் நடக்கின்றன. எண்ணெயை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சாசேஜைச் சிவக்கவிடாமல் சமைப்பது அண்மைக்கால உடல்நல ஆர்வலர்கள் கண்டறிந்த உத்தி அன்று. தென்ஜெர்மனியில் அது நெடுநாளைய வழக்கம். மியூனிக் நகரத்தின் வைஸ்வுர்ஸ்ட் என்னும் வெள்ளைச் சாசேஜ் கன்றிறைச்சியும் பன்றியின் முதுகுக் கொழுப்பும் பார்ஸ்லித் தழையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துச் செய்யப்படுவது. 1857இல் அந்நகரின் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்து விடுதியொன்றில் அது பிறந்ததாக அங்குள்ளோர் சொல்லிவருகின்றனர். நைட்ரைட் சேர்க்கப்படாததால்தான் அது வெண்மையாக இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், பதப்படுத்தாத அந்த இறைச்சி விரைவில் கெட்டுவிடும் என்பதால், காலையில் செய்ததை நண்பகல் மணி அடிக்கும் முன்பே உண்டு முடிக்கும் பழக்கம் ஏற்பட்டு, தேவை தீர்ந்த பின்னும் மரபாகத் தொடர்கிறது. வைஸ்வுர்ஸ்டைப் பொரிப்பதில்லை, கொதிக்கவும் விடுவதில்லை. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்றே ஆறவிட்டு, அதில் சாசேஜை இட்டு மூடிவைத்து, அந்தச் சூட்டிலேயே பக்குவப்படுத்தி, வெந்நீரோடு கிண்ணத்தில் பரிமாறுவார்கள். உறையை நீக்கிவிட்டு இனிப்புக் கடுகு விழுதோடு உண்பார்கள். நீர் கொதித்தால் புரதம் இறுகி, உறை சுருங்கி வெடித்து, சாறும் கொழுப்பும் நீரில் கலந்துவிடும் என்பதே இவ்வளவு கவனத்துக்கும் காரணம்.

மியூனிக் அமைந்த மாநிலத்தின் வடபகுதியான ஃபிராங்கோனியாவில், தணலில் சுடுவதற்குப் பெயர்பெற்ற விரல் நீளச் சாசேஜ்களையே வினிகர், வெங்காயம், வெள்ளை ஒயின், பிரிஞ்சி இலை, மிளகு சேர்ந்த சாற்றில் மெல்லிய சூட்டில் வேகவைக்கும் வழக்கமும் உண்டு; வெங்காயம் குழைந்த அந்தப் புளிப்புச் சாறு குழம்பாகவே உண்ணப்படுகிறது. அழுத்தம் ஏறாத பாத்திரத்தில் நீர் எவ்வளவு சூடானாலும் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், இவ்விரு முறைகளிலும் மேற்பரப்பு கருகும் வெப்பத்தை எட்ட வழியே இல்லை. ஆவியில் வேகும் இட்லிக்கும் இதே எல்லைதான் என்பதால், தமிழ்ச் சமையலறைக்கு இதைவிட எளிதாகப் பொருந்தும் முறையைச் சுட்டுவது கடினம்.

இட்லிப் பானையின் தட்டில் முழுச் சாசேஜ்களை இடைவெளிவிட்டு அடுக்கி, நிதானமான தீயில் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் ஆலையில் வெந்த வகைக்குப் போதும். பச்சைச் சாசேஜாக இருந்தால் தடிமனைப் பொறுத்து நேரம் கூடும். உறைந்ததை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிட வேண்டும். சமையல் மேடையில் வைத்து இளக்குவது கிருமிகளுக்கு இடம் கொடுக்கும். சிறிய சமையல் வெப்பமானி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது, ஏனெனில் அரைத்த கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியையும் அரைத்த ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றின் நடுப்பகுதி 71 டிகிரியையும் எட்டினால்தான் உண்ணத்தக்கவை ஆகின்றன. நிறத்தை நம்ப முடியாது: நைட்ரைட் கலந்தது முழுதும் வெந்த பின்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். நேரடியாக நீரில் வேகவைத்தால் உப்பில் சிறு பங்கு கரைந்து வெளியேறும். அந்த நீரைக் குழம்பில் சேர்க்காமல் கொட்டிவிடுவதே சரி.

மொறுமொறுப்பு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதைக் கடைசி ஒரு நிமிடத்துக்கு ஒதுக்கலாம். வெந்த சாசேஜை மிதமான சூட்டிலுள்ள தோசைக்கல்லில் இட்டு அடிக்கடி புரட்டினால் எந்தப் பக்கமும் அளவுமீறிச் சூடாவதில்லை. அடிக்கடி புரட்டுவதும் முன்கூட்டி வேகவைப்பதும் ஹெட்டரோசைக்ளிக் அமீன்களைக் குறைப்பதாக இறைச்சி ஆய்வுகள் காட்டியுள்ளன. வட்டம் வட்டமாக நறுக்கிப் பொரிப்பதும், பிள்ளைகளைக் கவர்வதற்காக நுனியைப் பூப்போலக் கீறிப் பொரிப்பதும் இதற்கு நேர்மாறானவை. வெட்டு கூடக் கூடச் சூட்டில் படும் பரப்பும் கூடுகிறது. இலங்கையில் விரும்பப்படும் டெவில் சாசேஜில் இந்தப் பொரியலோடு சோயா சாஸும் தக்காளி சாஸும் சேர்வதால், உப்பின் மீது மேலும் உப்பு ஏறுகிறது. வெங்காயத்தையும் கறிமிளகாயையும் தனியே வதக்கி, ஆவியில் வெந்த சாசேஜைக் கடைசியில் சேர்த்து, சாஸுக்கு மாற்றாகப் பழுத்த தக்காளியையும் எலுமிச்சைச் சாற்றையும் பயன்படுத்தினால் சுவை பெரிதாகக் குறைவதில்லை.

இத்தனைக்குப் பின்னும் பெரிய கவலை அப்படியே எஞ்சி நிற்கிறது. அதன் பெயர் நைட்ரைட். இறைச்சியை வெடியுப்பில் பதப்படுத்தும் பழக்கம் மிகப் பழமையானது. வெடியுப்பிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறுவதும், அது இறைச்சியின் சிவப்பு நிறமியோடு சேர்ந்து மாறாத இளஞ்சிவப்பைத் தருவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாயின. நைட்ரைட்டுக்கு நியாயமான வேலை ஒன்று இருந்தது. ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜை உண்டவர்கள் பார்வை மங்கி, தசைகள் செயலிழந்து, மூச்சடைத்து இறந்ததை மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் 1820ஆம், 1822ஆம் ஆண்டுகளில் விரிவாகப் பதிவுசெய்தார். அம்மரணங்களுக்குக் காரணமான நச்சைச் சுரக்கும் நுண்ணுயிரை, 1895இல் பெல்ஜியத்தில் பன்றித்தொடை இறைச்சியால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம் பிரித்துக் காட்டினார். பாட்டுலிசம் எனப்படும் இந்நோயை உண்டாக்கும் கிருமியை நைட்ரைட் தடுக்கிறது என்பதையும், கீரைகளிலும் நைட்ரேட் உண்டு என்பதையும் உற்பத்தித் தரப்பினர் எடுத்துரைக்கின்றனர், இரண்டும் உண்மையே.

ஆனால் கீரையில் இல்லாத சூழல் சாசேஜில் இருக்கிறது. புரதச் சிதைவால் உண்டாகும் அமீன்கள் நைட்ரைட்டோடு கூடும்போது நைட்ரோசமீன்கள் என்னும் சேர்மங்கள் உருவாகின்றன. அவற்றுள் ஒன்று எலிகளுக்குக் கல்லீரல் கட்டிகளை உண்டாக்குவதை 1956இல் பிரிட்டனில் மகீ, பார்ன்ஸ் ஆகிய இருவர் காட்டினர். பேக்கன் என்னும் பதப்படுத்திய பன்றியிறைச்சியை வாணலியில் மொறுமொறுப்பாகப் பொரிக்கும்போதே இவை தோன்றுவதும் பின்னர் அறியப்பட்டது. அதன் விளைவாக 1978இல் அமெரிக்க அரசு பேக்கனில் சேர்க்கும் நைட்ரைட்டைப் பத்து லட்சத்துக்கு 120 பங்காகக் கட்டுப்படுத்தியதோடு, நைட்ரோசமீன் உருவாவதைத் தடுக்கும் வைட்டமின் சி வகைப் பொருளையும் 550 பங்கு சேர்க்கச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தன் வரம்புகளை மேலும் இறுக்கியது. ஆக, கருகும் சூடும் நைட்ரைட்டும் ஒரே வாணலியில் சந்திப்பதே மிகக் கெட்ட சேர்க்கை; ஆவியில் வேகவைப்பது அந்தச் சந்திப்பைத் தவிர்க்கிறதே தவிர, உண்ட பின் வயிற்றின் அமிலச் சூழலில் அதே வினை நிகழ்வதை அதனால் தடுக்க முடியாது.

2015 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பைச் சுமார் 18 விழுக்காடு கூட்டுகிறது என்றும் கணித்தது. முதல் பிரிவு என்பது சான்றின் வலிமையைக் குறிப்பதே ஒழிய, புகையிலைக்கு நிகரான ஆபத்து என்று பொருள்படாது. எப்போதாவது உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்வோரும் உளர். கவலைக்குரியவர்கள் எப்போதாவது உண்பவர்கள் அல்லர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள். கோழி என்றாலே வெள்ளை இறைச்சி, புரதம், பாதுகாப்பு என்று நம்பி, வாரத்தில் பல நாள்கள் மதிய உணவுப் பெட்டியில் சாசேஜை வைத்தனுப்பும் வீடுகள் பெருகிவருகின்றன. முகமையின் வரையறையில் பதப்படுத்திய கோழி இறைச்சியும் அடங்கும். கோழியில் இரும்புச்சத்துள்ள சிவப்பு நிறமி குறைவு என்பது உண்மையாயினும், சேர்க்கப்பட்ட நைட்ரைட் நைட்ரைட்தான். பெரியவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும்போது, 100 கிராமில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை உப்பு இருப்பது இயல்பான ஒரு பண்டத்தை ஏழு வயதுப் பிள்ளையின் அன்றாட உணவாக்குவது, அப்பிள்ளையின் நாவை வாழ்நாள் முழுமைக்கும் உப்புக்குப் பழக்குவதாகிறது.

பொட்டலத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில், உணவில் சேர்க்கப்படும் பொருள்களின் குறியீட்டெண்ணாக ஐஎன்எஸ் 250 என்றிருந்தால் சோடியம் நைட்ரைட், 249 என்றிருந்தால் பொட்டாசியம் நைட்ரைட், 251, 252 என்றிருந்தால் நைட்ரேட்டுகள். 316 அல்லது 301 என்பது மேற்சொன்ன வைட்டமின் சி வகைத் தடுப்புப் பொருள். செலரிப் பொடி சேர்த்து, செயற்கை நைட்ரைட் இல்லை என்று அறிவிக்கும் வெளிநாட்டுப் பொட்டலங்களிலும் அந்தப் பொடி வழியே அதே பொருள்தான் வந்து சேர்கிறது.

நைட்ரைட்டை முழுதும் தவிர்க்க விரும்புவோர்க்கு வீட்டிலேயே செய்வது உறுதியான வழி, அது நினைப்பதைவிட எளிது. நன்கு குளிர்ந்த கோழிக் கொத்துக்கறியோடு சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சோம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சிறிதளவு உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, செட்டிநாட்டுக் கோலா உருண்டையில் செய்வதுபோலப் பொட்டுக்கடலை மாவைக் கலந்தால், பிடிமானத்தை மாவே தருவதால் உப்பை வெகுவாகக் குறைக்க முடிகிறது. கலவையைக் கட்டைவிரல் தடிமனில் உருட்டி, அனலில் வாட்டிய வாழையிலையில் சுருட்டி, இரு முனைகளையும் நாரால் கட்டி, இட்லிப் பானையில் இருபது நிமிடம் ஆவியில் வைத்து, நடுப்பகுதி 74 டிகிரி எட்டியதை உறுதிசெய்துகொண்டு இறக்க வேண்டும். வெந்தது சாம்பல் கலந்த வெண்மையாக இருப்பதில் குறையேதும் இல்லை. நைட்ரைட் சேராத கோழியின் இயல்பான நிறம் அதுவே. பதப்பொருள் இல்லாத இது சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. கோடைக் காலத்தில் ஒரு மணி நேரமே மிகுதி. ஆதலால் இதைக் காலையில் செய்து பள்ளிக்குக் கொடுத்தனுப்பாமல், பிள்ளைகள் வீடு திரும்பிய பின் மாலையில் சூடாகப் பரிமாறுவதே தக்கது. மிஞ்சியதை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், நெடுநாள் வேண்டுமெனில் உறைபெட்டியில் வைக்க வேண்டும்.