சிவாஜிக்குச் செஞ்சி எதற்கு?

போசரியிலிருந்து நாசிக் சாலையில் சாக்கன், ராஜகுருநகர், நாராயண்காவ் தாண்டி ஜுன்னர் பக்கம் திரும்பினால் சிவநேரிக் கோட்டை வரும். சத்ரபதி சிவாஜி 1630-ல் பிறந்த இடம். போசரித் தமிழர் பலர் ஏறிப் பார்த்த மலைதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சிவநேரி உட்பட 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கும் செஞ்சி.

செஞ்சி என்றதும் தமிழருக்குத் தேசிங்கு ராஜன் ஞாபகம்தான் வரும். அந்தத் தேசிங்கு மாண்டது 1714-ல். அதற்கு 37 ஆண்டு முன்பே சிவாஜி அங்கே வந்துவிட்டார். ராய்கட்டில் இருந்தவருக்கு அத்தனை தூரத்தில் ஒரு கோட்டை எதற்கு?

முதலில் முதுகுக்குக் காவல்

1674-ல் முடிசூடிய சிவாஜியின் அரசுக்கு அப்போது வயது மூன்று. வடக்கே முகலாயர், பக்கத்தில் பீஜப்பூர். இந்த நிலையில் தெற்கே படை நடத்துவது வீட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது போன்றது. எனவே முதல் வேலை தூதர்களுக்கு வந்தது.

முகலாயரின் தக்காண அதிகாரி பகதூர் கானுக்குப் பரிசும் பணமும் அனுப்பிச் சமாதானம் பேசப்பட்டது. நாட்டுப் பொறுப்பு மோரோபந்த் பிங்களேயிடம் விடப்பட்டது. பிறகு 1677 தொடக்கத்தில் சிவாஜி ஐதராபாத் சென்று கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷாவைச் சந்தித்தார். வழியில் கொள்ளை கூடாது என்று படைக்குக் கண்டிப்பான உத்தரவு. சுல்தானின் அமைச்சர் மாதண்ணா உடன்பாட்டை முடித்து வைத்தார். பணமும் பீரங்கியும் கோல்கொண்டா தரும். வெல்லும் நிலத்தில் அதற்குப் பங்கு உண்டு.

பேச்சும் வாளும்

அந்த ஆண்டு மே மாதத்தில் செஞ்சி கைக்கு வந்தது. பீஜப்பூரின் கோட்டைத் தலைவர் நசீர் முகமது கான் பணமும் ஜாகீரும் பேசிக் கோட்டையை விட்டார் என்பது வரலாற்றாசிரியர் பலர் கூறுவது. வேலூர் அப்படிப் பணியவில்லை. ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்ட பிறகே 1678-ல் விழுந்தது.

புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர் மார்த்தேன் தூது அனுப்பினார். அவர்கள் அங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. தஞ்சையை ஆண்ட மாற்றாந்தாய் வழித் தம்பி வெங்கோஜியிடம் தந்தையின் சொத்தில் சிவாஜி பங்கு கேட்டார். கொள்ளிடக் கரையில், திருமழபாடியில் பேச்சு நடந்தது. உடன்பாடு ஏற்படுமுன் ஓர் இரவில் வெங்கோஜி ஆற்றைக் கடந்து தஞ்சைக்கு ஓடிவிட்டார். பின்பு மராட்டியப் படையோடு மோதியும் பார்த்தார். முடிவில் சமாதானமாகித் தஞ்சை தம்பியிடமே நின்றது.

வாக்கு முழுதும் காப்பாற்றப்பட்டது என்று சொல்ல முடியாது. செஞ்சியில் கோல்கொண்டாவுக்குப் பங்கு கிடைக்கவில்லை. படைச் செலவுக்கான வரிச்சுமை தமிழ்க் குடியானவர் தலையில் விழுந்தது. அந்தப் பணத்தில் செஞ்சியின் மதிலும் அகழியும் பலப்பட்டன.

பன்னிரண்டு ஆண்டுக்குப் பின்

சிவாஜி 1680-ல் காலமானார். 1689 மார்ச்சில் அவர் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தார். போசரிக்குக் கிழக்கே, பீமாவும் இந்திராயணியும் கூடும் துளாப்பூரில் சம்பாஜியின் நினைவிடம் இருக்கிறது. அதே ஆண்டு ராய்கட்டும் விழுந்தது. மராட்டிய அரசு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் 1677-ன் கணக்கு பலித்தது. சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பிச் செஞ்சியை அடைந்தார். அதுவே தலைநகராயிற்று. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. அந்த எட்டு ஆண்டில் முகலாயரின் பணமும் படையும் தெற்கே கரைந்தன. மகாராஷ்டிரத்தில் மராட்டியர் மீண்டும் தலைதூக்கினர். கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்குள் இல்லை. வேலூர் வழியாகச் சொந்த மண்ணுக்குத் திரும்பிவிட்டார்.

நல்ல காலத்தில் தேடி வைத்த இடம் கெட்ட காலத்தில் உயிர் காத்தது. பிழைப்புக்காகத் தமிழர் போசரிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, உயிர் பிழைக்க மராட்டிய மன்னர் ஒருவர் தமிழ் மண்ணுக்கு வந்திருக்கிறார்.

விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒருமுறை செஞ்சியில் இறங்கிப் பார்க்கலாம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையிலேயே இருக்கிறது. பிள்ளைகளிடம் தேசிங்கு கதையோடு இந்தக் கதையையும் சொல்லலாம்.