விண்கல்லில் விளைந்த உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே வாரிக் குவித்த கல்லுப்பில் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஒரு வெண்மை தெரியும். உப்பு விளையும்போது அகப்பட்டுக்கொண்ட உவர்நீரின் நுண்துளிகள்தான் அவை. திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட உப்பு படபடவென்று வெடிப்பதும் அந்த நீரால்தான்.

1998 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மோனஹன்ஸ் என்ற ஊரில் விழுந்த விண்கல்லை உடைத்தபோது இதே சோடியம் குளோரைடு இருந்தது, உள்ளே நீர்த்துளியோடு. வயது சுமார் 450 கோடி ஆண்டு. கதிர்வீச்சு பட்டு நீலமும் ஊதாவுமாகியிருந்தது. அந்தப் படிகங்களில் அமினோ அமிலங்கள் இருப்பதை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அமினோ அமிலம் உயிர் அல்ல, புரதத்தின் மூலப்பொருள். அது விண்ணிலிருந்து வந்ததா, தொட்டவர் விரலிலிருந்து ஒட்டியதா? இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பின்னர் நாசாவில் சேர்ந்த சிரில் பொன்னம்பெருமவின் குழு இதே கேள்விக்கு முன்பே விடை கண்ட விதம் அபாரமானது. 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லை அவர்கள் ஆராய்ந்தார்கள். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடக்கை, வலக்கை என இரு வடிவம் உண்டு. பூமியில் உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தால். மர்ச்சிசனில் இரண்டும் ஏறக்குறையச் சமம்! புரதங்களில் வராத அமிலங்களும் கிடைத்தன. ஆக, அவை பூமியில் ஒட்டியவை அல்ல. உயிரின் துணையில்லாமல் உருவானவை. இந்த நிதானம் 2013-ல் பொலன்னறுவைக் கல் விவகாரத்தில் இல்லாமல் போனது. விண்கல்லில் டயாட்டம் பாசி என்று சில ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது விண்கல்லே அல்ல, பாசியும் பூமியின் நன்னீர்ப் பாசிதான் என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

விரல் மாசு ஒரு பகை என்றால், உப்புக்கு இன்னொரு பகை ஈரம். மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும். விண்கல் உப்போ காற்றின் ஈரத்துக்கே தாங்காது. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற குறுங்கோளுக்கே போய் 2023 செப்டம்பரில் கொண்டுவந்த 121.6 கிராம் மண்ணை ஈரம் படாமல் நைட்ரஜனில் வைத்தார்கள். 2025 ஜனவரியில் முடிவு வந்தது. புரதம் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14, மரபுப் பொருளின் ஐந்து காரங்கள், உவர்நீர் சுண்டச் சுண்ட ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்த உப்புகள். உப்பளத்தில் சுண்ணாம்பும் ஜிப்சமும் முந்தி இறங்கி உப்பு பிந்துவதுபோல, பென்னு உடைந்து பிரிந்த தாய்க்கோளிலும் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் முந்தியிருக்கின்றன, சோடியம் குளோரைடு பிந்தியிருக்கிறது.

பென்னுவிலும் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறையச் சமம். உயிரின் தடயம் இல்லை. உவர்நீர் இன்னும் வற்றாத இடங்களில் தேடலாம். சனியின் துணைக்கோளான என்செலடஸ் பீய்ச்சும் பனித்துகள்களில் சோடியம் உப்பைக் காசினி விண்கலம் ஏற்கெனவே கண்டறிந்திருக்கிறது.