பக்கத்தில் இடித்தால் அளப்பது யார்?

2020இல் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தளர்ந்ததிலிருந்து, புளியந்தீவுக் கடைகளில் எந்த மொடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்ற பேச்சுத்தான். அந்த நட்சத்திரத்தை நிறுத்துக் கொடுப்பது ஒரு பொம்மை.

முன்னால் மோதினால் பொனட் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் இடித்தால் நம் விலாவுக்கும் வெளியே வரும் வண்டிக்கும் நடுவே ஒரு கதவுதான். எனவே அதற்குத் தனிப் பொம்மை வேண்டும். 1989இல் ஐரோப்பாவில் வந்த யூரோசிட் பொம்மையின் விலா எவ்வளவு உள்ளே போகிறது என்று நெஞ்சிலுள்ள கருவி அளக்கும். ஆனால் சில மோதல்களில் விலா பாதியில் இறுகி நின்றுவிட்டது. இறுகிய தராசு குறைத்துத்தானே காட்டும்? மோசமான காரும் நல்ல கார் போலத் தெரியும். முதுகுத் தகடும் இருக்கையில் சிக்கி, விலா தாங்கவேண்டிய சுமையைத் தான் வாங்கிக்கொண்டது.

இவற்றைத் திருத்தியே ஈஎஸ்-2 வந்தது. தகடு சிக்குவது அப்போதும் முழுதாகத் தீரவில்லை. அமெரிக்கர் விலாவை முதுகுவரை நீட்டி அடைத்தனர். பல நாடுகள் கூடிச் செய்த வேர்ல்ட்சிட்டை ஐரோப்பியத் தரமதிப்பீடு 2015இல் ஏற்றது.

இந்தியாவில் இந்தச் சோதனை புதிய மொடல்களுக்கு 2017 ஒக்டோபரில்தான் கட்டாயமானது. 950 கிலோ தள்ளுவண்டியை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் மோதவிடுவார்கள். அதற்கு முந்திய இந்தியக் கார்கள் நம் வீதிகளில் நிறையவே ஓடுகின்றன. பழைய வாகனம் பேசும்போது விலையோடு இதையும் விசாரியுங்கள்: எந்த ஆண்டுச் சோதனை, பக்க மோதலும் அதில் உண்டா?